மேலகரம் வளைவில் சிந்திய தண்ணீர்

குற்றாலத்திலிருந்து தென்காசி வருகிற டவுன் பஸ்ஸில் தண்ணீர்க் கேனை மேல் பலகையில் வைக்கக் கூடாது. வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூடியுள்ள கேனாகப் பார்த்து வைக்க வேண்டும். என் கேனுக்கு மூடி தொலைந்து வெகுநாள் ஆகியிருந்தது. வாயில் ஒரு பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தேன். மேலகரம் வளைவில் டிரைவர் ஒரு வெள்ளாட்டுக்காகப் பிரேக் அடித்தார். ஆடு தப்பித்தது. கேன் கீழே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் மடியில் போய் இறங்கியது.

வெளிர் மஞ்சளில் பருத்திப் புடவை. பஸ்ஸே என்னைத் திட்ட வாயைத் திறந்தது. அந்த அம்மா மட்டும் திட்டவில்லை. கொசுவத்தைப் பிழிந்துகொண்டே, "குடிக்கிற தண்ணியா?" என்று கேட்டார்.

"குளிக்கிற தண்ணி மேடம். அருவித் தண்ணி. சனம் இதுக்குன்னு எங்கெங்கருந்தோ ரயிலேறி வருது. உங்களுக்கு உக்காந்த எடத்துலயே கெடச்சிருக்கு."

பின் சீட்டில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மடியில் படிந்திருந்த செம்மண் கறையை விரலால் தொட்டுப் பார்த்தார். "அருவித் தண்ணில இவ்வளவு மண்ணா?" என்றார்.

"மூலிகை மேடம்" என்றேன்.

அன்று காலையே, தென்காசியில் நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு, காய்ச்சலுக்கென்று தனியாகப் படித்த டாக்டர் ஒருவர் இன்றிலிருந்து நம்மோடு இருப்பார், பெயர் ஜெயசித்ரா என்று அறிமுகப்படுத்தினார். இடுப்புக்குக் கீழே ஈரத்தோடு, மடியில் சிவப்புக் கறையோடு அவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். அலமாரி என்னைவிடக் குட்டை.

என் பெயர் இசக்கிராஜா. ஊர் இலத்தூர். அந்த ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். அண்ணன் போலீஸ், தம்பி ராணுவம். எனக்கும் துப்பாக்கி கொடுத்தால் நான் என் காலிலேயே சுட்டுக்கொள்வேன் என்று அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கிறது. அதனால் ஊசியைக் கொடுத்தார். ஆண் நர்ஸைப் பார்த்தால் பாதிப் பேர் டாக்டர் என்று நினைப்பார்கள். மீதிப் பேர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவன் என்று நினைப்பார்கள். இரண்டு கூட்டத்தையும் நான் சிரிக்க வைத்துவிடுவேன். நான் லீவு போட்ட நாளில் வார்டே களையில்லாமல் கிடக்கும் என்று சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு நேரில் வந்து சொல் என்றுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நேரில் உட்கார வைத்துக் கேட்டால் நடுவில் நான் ஒரு ஜோக் சொல்லிவிடுவேன். நீங்களும் சிரித்துவிடுவீர்கள். ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

தண்ணீர் விஷயத்தை, அந்தப் பஸ் நாளுக்கு முன்பே, ஆரம்பித்து வைத்தது கிதிர் முகம்மது பாய். பஜாரில் புரோட்டாக் கடை வைத்திருந்தவர். அடுப்புப் புகையும் பீடிப் புகையும் சேர்ந்து அவர் நுரையீரலைச் சல்லடையாக்கிவிட்டிருந்தன. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.

"ஏலே ராசா, வெளிய சாரல் அடிக்குது. எனக்கு வாடையிலயே தெரியுது. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து ஒரு சீசன் விட்டதில்லலே நான். இங்கன இந்தக் குழாயோட கெடக்கேன். ஒரு சொம்புத் தண்ணியாவது கொண்டாயேன்."

நீங்கள் வெளியூர்க்காரராக இருந்தால் இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சீசனுக்கு ஒரு முறையாவது அருவியில் தலை கொடுக்காதவனுக்கு அந்த வருஷம் முழுக்க உடம்பில் ஏதோ பாக்கி இருப்பதுபோல இருக்கும். காட்டில் உள்ள மூலிகையெல்லாம் கரைந்து வருகிற தண்ணீர் என்று பேச்சு. படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் முகம் துடைத்துவிடுவார்கள். வெறும் துடைப்புத்தான். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மறுநாள் மெயின் அருவிக்கே போய், அடி வாங்கி, பிடித்துக்கொண்டு வந்தேன். பாய்க்கு முகம் துடைத்துவிட்டேன். அவருக்குப் போதவில்லை. தலை வழியாக இறங்கினால்தான் குளியல் என்றார். அவர் உடம்பு அதற்குத் தாங்காது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஆக்சிஜன் காய்ந்த காற்று. அதை நனைத்து அனுப்புவதற்குச் சுவரில் ஒரு சின்னப் பாட்டில் மாட்டியிருப்போம். காற்று அந்தத் தண்ணீருக்குள் குமிழ்விட்டு ஏறி மூக்குக்குப் போகும். அந்தப் பாட்டிலில் கிருமி நீக்கிய தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

பாட்டிலைக் கழற்றி அருவித் தண்ணீரை ஊற்றினேன். "பாய், மேல நனைய வேண்டாம். மூச்சுல குளிங்க" என்றேன். அவர் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார். முகம் அப்படியே தளர்ந்தது. கடைக்கண்ணில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. எனக்கும் வந்தது. நான் சுலபமாக அழுகிறவன்.

பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். வீரகேரளம்புதூர் லாரி டிரைவர், பிச்சைமணி. "அவருக்கு மட்டுந்தானா அண்ணாச்சி? நாங்கள்லாம் ஆருக்குப் பொறந்தோம்?" என்றார். அவருக்கும் ஊற்றினேன். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றினேன். ஆவி மருந்து பிடிக்கிற நெபுலைசர் கப்பைக்கூட அந்தத் தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். வார்டில் எனக்குத் தண்ணி அண்ணாச்சி என்று பெயர் வந்தது. டூட்டிக்கு நான் உள்ளே நுழையும்போது கட்டில் கட்டிலாகத் தலைகள் திரும்பும். ஆணும் பெண்ணுமாக அத்தனை பேர் என் கையில் கேன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேறு யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பெரிய டாக்டரைப் பார்க்கும்போது எழுந்து உட்காருவார்கள், அவ்வளவுதான்.

பாய்க்குச் சில நாளில் காய்ச்சல் வந்தது. நுரையீரல் கெட்டவர், வரத்தான் செய்யும் என்றார்கள். மகன்கள் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரிய மருந்தாகப் போட்டுப் பிழைத்துக்கொண்டார். பிச்சைமணிக்கும் வந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஆளைப் பாதியாக்கிவிட்டு ஒருவழியாகத் தணிந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று வருகிறவர்களில் பல பேருக்கு என்ன காய்ச்சல் என்றே தெரியாமல்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். அதற்காகத்தான் ஜெயசித்ரா மேடத்தையே வேலைக்கு எடுத்தார்கள்.

மேடத்துக்கு நான் வைத்த பெயர் 'இருக்கலாம் டாக்டர்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். டைபாய்டா மேடம்? இருக்கலாம். எலிக் காய்ச்சலா? இருக்கலாம். வயல்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பூச்சி கடித்துக் காய்ச்சல் வரும், கடித்த இடத்தில் கருப்பாக ஒரு பொருக்கு இருக்கும். அதைத் தேடி அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, இல்லை என்றுகூடச் சொல்ல மாட்டார். "இப்போதைக்குத் தெரியல" என்பார். வார்டில் அவர் மாதிரியே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். ஒரு தடவை அவரே பின்னால் வந்து நின்றுவிட்டார். "நல்லா இருக்கு" என்றார். சந்தேகமில்லாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

இப்போது ரத்தினம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுரண்டை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிற ஏசுவடியான் அண்ணாச்சியின் வீட்டுக்காரி. மண்டி அண்ணாச்சி பெயரில்தான் இருந்தது. சத்தம் அக்காவுடையது. சாரல் காற்றில் மூச்சிழுப்பு வந்து சேர்த்திருந்தார்கள். சர்க்கரையும் உண்டு. வந்த அன்றே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏலே, ஊசி போடத் தெரியுமா, இல்ல பேச மட்டுந்தான் தெரியுமா?" என்று கேட்டது. "ரெண்டும் ஒண்ணா செய்வேன் யக்கா. பேச்சுல வலி தெரியாது" என்றேன். "உன் பேச்சுக்கு அந்த வலியே தேவலைலே" என்றது. அண்ணாச்சி வாசலில் நின்று சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆளைத் திட்டினால் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம் என்று பிறகு என்னிடம் ரகசியம்போலச் சொன்னார்.

மேலகரம் வளைவில் பாதி சிந்திய கேனில் மீதிப் பாதி இருந்தது. அது ரத்தினம் அக்காவின் பாட்டிலுக்குப் போயிற்று.

"எந்த அருவிலே?"

"ஐந்தருவி. அதுலயும் நடு அருவி யக்கா. மத்த நாலும் உங்களுக்குப் பத்தாது."

அக்கா கண்ணை மூடி மூச்சை இழுத்தது. "மூலிகை வாசம் வருதுலே" என்றது. அப்போது நான் கேனைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஏன் என்று இன்னும் கொஞ்ச தூரம் போனால் தெரியும்.

இழுப்பு நின்றது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்த அன்று சாயங்காலம் குளிர் எடுத்து உடம்பு நெருப்பாகக் கொதித்தது. காலையில் இறங்கியது. மறுபடி சாயங்காலம். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. மேடம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆடு வளர்க்கிறீர்களா, மண்டியில் எலி உண்டா, வயலில் இறங்கினீர்களா, யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனீர்கள் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அக்கா வயலில் கால் வைத்தே வருஷக்கணக்காகிறது என்றது. அது உண்மை. அக்கா வயலுக்குப் போகவில்லை.

லேபில் பாஹிமா என்று ஒரு பெண் இருக்கிறாள். ஒருநாள் கேண்டீனில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, ரத்தினம்மா ரத்தத்துல ஒண்ணு வளருது. முந்தி அந்த லாரிக்காரருக்கும் இதே மாதிரிதான் வளந்துச்சு. அப்பவே என் கை சுத்தமில்லன்னு சொல்லிட்டாங்க. இப்பவும் அதத்தான் சொல்லுதாங்க" என்றாள். ஒரே கிருமி இரண்டு பேர் ரத்தத்தில் வந்தால், ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறவர் கையிலிருந்து ஒட்டியது என்று முடிவு செய்வது லேபில் வழக்கம். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கேண்டீன் வடையைக் காட்டி, இதில் வளராத கிருமி உன் கையிலா வளரப்போகிறது என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். அவள் கை சுத்தம் என்று அன்றே எனக்குப் பட்டுவிட்டது. நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

மேடம் மட்டும் அதை விடவில்லை. இருக்கலாம் என்று சொல்லி, ஒரு மாதிரியை வெளியூரில் உள்ள பெரிய லேபுக்கு அனுப்பினார். பதில் வர நாளாகும். அதற்குள் வார்டு ஆட்கள் எல்லோரையும் டூட்டி ரூமுக்குக் கூப்பிட்டார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. யாரையும் குற்றம் சொல்லக் கேட்கவில்லை என்றார். பிச்சைமணிக்கும் ரத்தினம்மாவுக்கும் ஒரே காய்ச்சலாக இருக்கலாம். வெளியே இரண்டு பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியானால் இங்கே வைத்துத்தான் ஏதோ உள்ளே போயிருக்கிறது. "அவங்க ரத்தத்துக்குள்ள, வாய்க்குள்ள, மூச்சுக்குள்ள என்னென்ன போச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க. அசட்டுத்தனமா தோணினாலும் பரவால்ல. ஒரு துப்புக் கெடச்சா நான் மருந்த மாத்திருவேன்."

தண்ணீர் விஷயம் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"உள்ள போனதுன்னா கேண்டீன் சாம்பார்தான் மேடம். பருப்பு இல்லாம எப்படிச் சாம்பார் ஆகுதுங்கறதே மெடிக்கல் சயின்ஸுக்குத் தெரியாத விஷயம்."

எல்லோரும் சிரித்தார்கள். வெகுநேரம் அடக்கி வைத்திருந்ததுபோலச் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. சிரிப்பு அடங்கியபோது கேள்வியும் அடங்கிவிட்டிருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளும் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. நல்ல பிள்ளைகள். என் மேல் மரியாதை உள்ளவர்கள். அவர்களை இதில் சேர்க்காதீர்கள்.

சரி, சிரித்தாயிற்று, இருந்தாலும் எல்லாத் தண்ணீரையும் பரிசோதித்துவிடலாம் என்றார் மேடம். குழாய்த் தண்ணீர், சலைன், ஆக்சிஜன் பாட்டில், நெபுலைசர், எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். வார்டில் நம்பிக்கையான ஆள் யார் என்று பார்த்து அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

நான் பொறுப்பாகச் செய்தேன். முதலில் பாட்டில்கள் எல்லாவற்றையும் கழற்றி, பிளீச்சிங் கரைசலில் ஊற வைத்து, கொதிநீரில் அலசி, காய வைத்தேன். நெபுலைசர் கப்புகளையும் அப்படியே. பிறகு கிருமி நீக்கிய தண்ணீர் ஊற்றினேன். அதற்கப்புறம் மாதிரி எடுத்தேன். கேனை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். எல்லா மாதிரியும் சுத்தம் என்று முடிவு வந்தது. மேடம் தன் மனதிலிருந்த பட்டியலில் தண்ணீரை அடித்துவிட்டார்.

இதை எழுதும்போதும் எனக்கு ஒரு விஷயம் தோன்றுகிறது. அன்றைக்குப் பிறகு வார்டில் புதிதாக ஒருவருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. ஒருவருக்குக்கூட. அதை நான்தான் நிறுத்தினேன். யாரும் சொல்லாமலே நிறுத்தினேன். பல நாள் இதை நினைத்துத்தான் தூங்கினேன்.

அக்காவுக்கு எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரிந்தது. உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. டி.பி.யாக இருக்கலாம் என்று அதற்கான மருந்தை ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் நியாயமாக யாரும் அதைத்தான் நினைப்பார்கள். மேடம் மேல் தப்பில்லை. ஒரு கதவை நான் பூட்டிவிட்டேன், அவர் மற்றக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். சரியான மருந்து எங்கள் மருந்தகத்திலேயே இருந்தது. அந்த வாரம் வேறொருவருக்குக் காலில் சீழ் வைத்ததற்காக அதே மருந்தை நானே கலந்து ஏற்றியிருக்கிறேன், அக்காவுக்கு எதிர்க் கட்டிலில். அது அப்போது எனக்குத் தெரியாது. மேடத்துக்குத் துப்புக் கிடைத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நாட்களில் அக்காவை நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரையும் பார்த்துக்கொண்டதில்லை. என் டூட்டி முடிந்தும் இருப்பேன். உடம்பு துடைத்துவிடுவேன். கஞ்சியை ஆற்றி ஊட்டுவேன். அக்கா வாயைத் திறக்க மறுத்தால் மண்டியில் அக்கா பேரம் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுவேன். "கிலோவுக்கு ஒரு கரண்டி கொறச்சுக்கிடுதேன், எடுத்துக்கோ தாயி." சிரிக்க மூச்சு இல்லாமல் கையால் என்னை அடிக்க வரும். அண்ணாச்சி ஒருநாள் வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவ கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்" என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒருநாள் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டது. குரல் ரொம்ப உள்ளே போயிருந்தது. "அந்தத் தண்ணி இருக்காலே?" என்றது. இருக்கிறது என்றேன். பாட்டிலைக் கழற்றிக்கொண்டுபோய், கிருமி நீக்கிய தண்ணீரைப் புதிதாக ஊற்றி மாட்டினேன். அக்கா கண்ணை மூடி இழுத்தது. இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தது.

"இன்னைக்கு வாசமே இல்லலே" என்றது.

மறுநாள் விடிந்தபோது அக்கா இல்லை.

உடம்பை வண்டியில் ஏற்றும்போது அண்ணாச்சி எல்லோருக்கும் கும்பிடு போட்டார். என்னிடம் வந்து, "கர்த்தர் சித்தம் தம்பி. நீ ஒருத்தன்தான் அவள கடைசி வரைக்கும் சிரிக்க வச்ச" என்றார். நான் அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள். பெரிய டாக்டர் என் தோளில் தட்டி, "சுகர் வேற இருந்துச்சுல்லா. நம்ம கையில என்ன இருக்கு" என்றார். பாஹிமாவிடம், வேறு ஏதாவது செய்திருக்கலாமோ என்று கேட்டேன். "நீங்க ஏன்ணே மனசப் போட்டுக் கொழப்புதீங்க, இதுக்கு மேல ஆரு பாத்துக்கிடுவா" என்றாள். வீட்டில் மாடத்தி, என் மனைவி, "சாப்ட்டுட்டுப் படுங்க" என்றாள். அவள் அந்தக் கேனிலிருந்து கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லோரிடமும் சுற்றி வளைத்துக் கேட்டேன். எல்லோரும் என் மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அக்காவைச் சுரண்டையில் அடக்கம் செய்தபிறகுதான் வெளியூர் லேபிலிருந்து பதில் வந்தது. மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். மேஜையில் அந்தத் தாள் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கிருமியின் பெயரைச் சொன்னார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. சேற்றிலும் வயல் தண்ணீரிலும் கிடக்கிற கிருமி என்றார். வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறவர்களுக்குத் தோல் வழியாகப் போகும். மூச்சு வழியாகவும் போகும். சர்க்கரை உள்ளவர்களை முதலில் பிடிக்கும். டி.பி. மாதிரியே ஏமாற்றும்.

"பஸ்ல என் மேல கொட்டினீங்கள்ல, அந்தப் புடவையில கறை இன்னும் போகல" என்றார். "அது எந்த அருவித் தண்ணி?"

நாக்கு நுனியில் ஒன்று வந்து நின்றது. நல்ல ஜோக்தான். சொல்லவில்லை.

"அருவி இல்ல மேடம்" என்றேன்.

முதல் தடவை மட்டும்தான் அருவிக்குப் போனேன். அதற்குப் பிறகு சீசன் கூட்டம். சனி, ஞாயிறு என்றில்லாமல் வரிசை, போலீஸ், தள்ளுமுள்ளு. கேனை வைத்துக்கொண்டு உள்ளே விட மாட்டார்கள். எனக்கோ டூட்டிக்கு நேரமாகிவிடும். வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், நடவு வயலிலிருந்து வடிகிற ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அங்கே முக்கிக்கொண்டு வந்தேன். வெறுங்கையோடு வார்டுக்குள் நுழைந்து அத்தனை முகமும் வாடுவதைப் பார்க்க எனக்கு மனது வரவில்லை. தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தேன். நம்பிக்கைதானே வேலை செய்கிறது என்றும் நினைத்தேன். இப்படி நினைப்பதற்கு நான் ரொம்பக் கஷ்டப்படவில்லை.

எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னேன். பாட்டில், நெபுலைசர் கப், பிளீச்சிங், சுத்தமான மாதிரிகள், சாம்பார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இரக்கத்தில்தான் செய்தேன் என்றேன். என் மனசு எல்லோருக்கும் தெரியும் என்றேன். அதற்கப்புறம் யாருக்கும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டதும் நான்தான் என்றேன். சொல்லும்போதே அந்தக் கடைசி வாக்கியம் அந்த அறையில் எப்படி நிற்கிறது என்று எனக்குக் கேட்டது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

பிறகு ஒன்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் பதில் எனக்கு முன்பே தெரியும் என்று நம்பித்தான் கேட்டேன். எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற அந்த 'இருக்கலாம்'. அதைத்தானே நான் பேசிக் காட்டி வார்டையே சிரிக்க வைப்பேன். அது எனக்கு வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கும். மிச்ச நாளை அதற்குள்ளேயே ஓட்டிவிடலாம்.

"அன்னைக்கு டூட்டி ரூம்ல நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருந்தா, ரத்தினம் அக்கா பொழைச்சிருப்பாங்களா மேடம்?"

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பொழைச்சிருப்பாங்க" என்றார்.